மாசிக்கு இருபது மில்லி

தென்முனைப் பனி நிலையம் மூன்று, நிலா
பணிக் குறிப்பேடு
எழுதுவது: இன்னாசி மோத்தா, பராமரிப்புப் பொறியாளர்

நாள் 58, காலை 07:10

அறை அழுத்தம் சரி. வெப்பம் 21. தொட்டியில் நீர் 212 லிட்டர். பனி ஆலையில் இரண்டாவது தோண்டும் இயந்திரம் இன்னும் பழுது. மற்றவை ஓடுகின்றன.

நிலையத்தில் ஆள் ஒன்று, நாய் ஒன்று. நாயின் பதிவு எண் என்னவோ இருக்கிறது, நான் கூப்பிடுவது மாசி. நான்கு வயது, பெண், பதினான்கு கிலோ, நாட்டு நாய். குளிரூட்டும் குழாயில் அம்மோனியா கசிந்தால் கருவிக்கு முன்னால் இவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் இங்கே வந்த அன்று என் பையைக் குதறி, தூத்துக்குடியிலிருந்து ஒளித்துக்கொண்டு வந்த மாசிக் கருவாட்டை முழுவதும் தின்றுவிட்டாள். பெயர் அப்படி வந்தது.

நேற்று இவளுக்கு அறுவை நடந்தது. கையுறையின் உள்ளுறை விரல் ஒன்றை விழுங்கி, குடலில் சிக்கி, இரண்டு நாள் வாந்தி. கிழிந்த கையுறையை மேசையிலேயே போட்டுவிட்டுத் தூங்கியது நான். மனிதர்களுக்கான அறுவைக் கருவியின் கை வெட்டியது, தைத்தது. வழி சொன்னது கால்நடை மருத்துவர் சிந்தாமணி, காங்கயத்துக்குப் பக்கத்திலிருந்து, வானொலியில். மூன்று பனி நிலையங்களின் நாய்களையும் அவர்தான் பார்க்கிறார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என் வேலை.

இன்று காலை கண் திறந்தாள். வால் ஒரு தடவை அசைந்தது.

நாள் 58, மாலை 16:40

சலைன் ஏறவில்லை. இங்கே எடை ஆறில் ஒன்று என்பதை மறந்துவிட்டேன். பூமியில் தலைக்கு மேல் தொங்கவிட்டால் இறங்குகிற பை இங்கே சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு குழாயை ஒட்டுப்போட்டு, மேல்தளத்துக்குப் போகும் ஏணிக் கூண்டின் உச்சியில், ஐந்து மீட்டர் உயரத்தில் பையைக் கட்டினேன். இப்போது சொட்டுகிறது. சொட்டு ஒவ்வொன்றும் பெரிதாக ஊறி, யோசித்து விழுகிறது.

டாக்டர் சொன்னதை எழுதிவைக்கிறேன். ஒரு நாளைக்கு இவளுக்கு எழுநூறு மில்லி போக வேண்டும், நரம்பு வழியாகவோ வாய் வழியாகவோ. நாளையிலிருந்து வாயில் இரண்டு மணிக்கு ஒருமுறை இருபது மில்லி. அதற்கு மேல் கொடுத்தால் கக்கிவிடுவாள், தையல் பிரியும். ஈறைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் நல்லது, பிசுபிசுத்தால் நீர் போதவில்லை. பிடரித் தோலைக் கிள்ளி விட வேண்டும். உடனே படிந்துவிட்டால் நல்லது, கூடாரம் மாதிரி நின்றால் கெட்டது. எவ்வளவு சிறுநீர் என்று அளந்து சொல்ல வேண்டும்.

கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் புனல் மாதிரி மாட்டியிருக்கிறேன், தையலை நக்காமலிருக்க. அதற்காக என்னை மன்னிப்பதாக இல்லை.

நாள் 59, பகல் 11:25

நில நடுக்கம். பத்து மணி மூன்று நிமிடத்துக்குத் தொடங்கி ஏறத்தாழ ஏழு நிமிடம். பூமியில் சில நொடிகளில் அடங்கிவிடும். இங்கே நிலம் மணி அடித்ததுபோல அதிர்ந்துகொண்டே இருந்தது. மாசியை மடியில் அழுத்திப் பிடித்துத் தரையில் படுத்துக்கொண்டேன்.

சேதம்: பனி ஆலையிலிருந்து வரும் குழாய் மூன்று இடத்தில் முறிந்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் கருவி சாய்ந்து உடைந்தது. தொட்டியின் அடித்தட்டு பிளந்தது. நான் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் கீழ்க் கிடங்கில் இறங்கி, அங்கிருந்த விரிசலில் வெளியே போய் ஆவியாகிவிட்டது. கிடங்கை மூடிவிட்டேன்.

எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்தது 14 லிட்டர்.

சலைன் பைகள் கிடங்கில் இருந்தன. மேலே தொங்குவது ஒன்றுதான் மிச்சம்.

நாள் 59, மாலை 17:00

தலைமை நிலையத்தில் நூருல் அமீன் பணியில் இருக்கிறான். நான் இங்கே வந்ததிலிருந்து தினமும் பேசுகிற பையன், ஊரிலிருக்கும் என் தங்கையோடு இணைத்துவிடுகிறவனும் அவன்தான். ராமநாதபுரத்துக்காரன். நேரில் பார்த்ததில்லை. அவர்களுடைய இறங்குகலத்துக்கும் அடி. சரிசெய்து இங்கே வர எட்டு நாள் ஆகும் என்றான். குறைக்க முடியாதா என்று கேட்டேன். எல்லாரும் தூங்காமல்தான் வேலை பார்க்கிறார்கள் என்றான்.

இதை யாராவது எடுத்துப் படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்: இங்கே தண்ணீர் குடிக்க மட்டுமில்லை. காற்றும் அதிலிருந்துதான். கருவி தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன் தருகிறது. நான் ஒருவன் மூச்சுவிட நாளைக்கு ஒரு லிட்டர். மாசிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் குடிக்க எனக்கு, குடிக்க அவளுக்கு.

பதினான்கு லிட்டர், எட்டு நாள். நான் ஒருவன் என்றால் இழுத்துப் பிடித்துக் கரை சேரலாம். இரண்டு பேர் என்றால் ஐந்தாம் நாளோடு முடிந்தது.

அமீனும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பான்.

நாள் 60, காலை 09:30

மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது. எழுத்தில். நாயை வலியில்லாமல் தூங்கவைத்துவிட வேண்டும். அமீன்தான் வாசித்தான்.

பிறகு டாக்டர் சிந்தாமணியை இணைத்தார்கள்.

"பெட்டியில மருந்து இருக்குதுங்க. அளவ நான்தான் சொல்லோணும்னு கேட்டுட்டாங்க. சொல்றனுங்க, எழுதிக்கோங்க."

அளவைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். எழுதினேன் என்று சொன்னேன்.

"எழுதியாச்சுங்களா? சரி. இப்ப அத மடிச்சு அந்தப் பக்கம் வெச்சுப்போட்டு, ஈறத் தொட்டுப் பாருங்க. எப்படி இருக்குது?"

பிசுபிசுப்பாக இருந்தது. தோலைக் கிள்ளினேன்; இரண்டு நொடி நின்று படிந்தது. காலையிலிருந்து சிறுநீர் இல்லை. சொன்னேன். இரவு சிரிஞ்சில் கொடுத்த இருபது மில்லியையும் கக்கிவிட்டாள் என்பதையும் சொன்னேன்.

அப்படியென்றால் பத்துப் பத்தாகக் கொடுங்கள் என்றார். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே சிரிஞ்சை வைத்து, ஒவ்வொரு துளியாக, அவள் விழுங்கும் வரை காத்திருந்து. வெறும் தண்ணீர் வேண்டாம். ஒரு லிட்டருக்கு இவ்வளவு சர்க்கரை, இவ்வளவு உப்பு. உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். நான் என் அக்குளில் வைத்துச் சூடாக்குகிறேன்.

மருந்துச் சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது.

நாள் 60, மாலை 18:10

பத்து மில்லி. விழுங்கினாள்.
பத்து. விழுங்கினாள்.
பத்து. பாதியை வெளியே விட்டாள். கன்னத்தைத் துடைத்த துணியைப் பிழிந்து அதையும் கொடுத்தேன்.

உத்தரவை நிறைவேற்றிவிட்டேனா என்று அமீன் கேட்கவில்லை. மாலை அறிக்கையில் "நாய்: உயிருடன்" என்று நானே எழுதி அனுப்பினேன்.

நாள் 61, பகல் 13:20

கடைசி சலைன் பை தீர்ந்தது. நரம்பு ஊசியும் அடைத்துக்கொண்டது. கழற்றிவிட்டேன்.

கண் உள்ளே போயிருக்கிறது. பிடரித் தோல் கிள்ளிய இடத்தில் அப்படியே நின்றது. நான்கு நொடி எண்ணினேன். டாக்டர் கேட்டதும் பொய் சொல்லலாமா என்று தோன்றியது. யாரிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நான்கு என்று சொன்னேன்.

என் சொந்த அவசரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஆளுக்கு அடிபட்டால் ஏற்ற ஒரு அரை லிட்டர் பை அதில் முத்திரையோடு இருந்தது. உடைத்தேன். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, ஊசியைத் தோலுக்கும் சதைக்கும் இடையில் செருகி, பையை இரண்டு கையாலும் பிழிந்தேன். முதுகில் ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு மேடு எழும்பியது. பயந்துபோனேன். அது மெல்லக் கரைந்து உடம்பில் சேரும் என்றார் டாக்டர்.

"மாட்டுக்கு, ஆட்டுக்கு, எல்லாத்துக்கும் பண்ணியிருக்கறனுங்க. நிலாவுல இருக்கற நாய்க்கு இதான் மொதோ தடவ. பயப்படாதீங்க, நானுந்தான் பயந்துட்டு இருக்கறேன்."

இரண்டு மணி நேரத்தில் மேடு வற்றிவிட்டது. காத்திருக்கிறேன்.

நாள் 62, காலை 08:00

தண்ணீர் 7 லிட்டர். ஆறு நாள்.

முடிவு: ஆலைக் குழிக்கு நடந்து போய்ப் பனியைக் கையால் வெட்டிக்கொண்டு வருவது. அறுநூறு மீட்டர். குழியில் வெயில் என்பது எந்தக் காலத்திலும் கிடையாது. அந்தப் பனியில் அம்மோனியா, கந்தகம், இன்னும் என்னென்னவோ இருக்கிறது, குடிக்க முடியாது. கரி வடிகட்டியில் இரண்டு தடவை விட்டால் காற்றுக் கருவி ஏற்றுக்கொள்ளும். காற்றுக்கு அழுக்குப் பனி, குடிக்க நல்ல தண்ணீர். அப்படிப் பிரித்துவிட்டால் இரண்டு பேரும் கரை சேர வழி இருக்கிறது.

அமீன் வேண்டாம் என்றான். வெளியே போகப் போடும் காப்புடையின் முழங்கை மூட்டுகள் தேய்ந்திருப்பது அவனுக்குத் தெரியும், நான்தான் போன மாதம் புகார் எழுதினேன்.

நாள் 62, மாலை 15:45

திரும்பிவிட்டேன். நான்கு லிட்டருக்கான பனி. இடது கை விரல் மூன்று வெள்ளையாகிவிட்டது, இப்போது எரிகிறது. எரிந்தால் நல்லதுதான் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

உள்ளே வந்ததும் மாசி எழுந்து நின்றாள். என் காப்புடையை மோந்து பார்த்துக் குரைத்தாள். அம்மோனியா. வேலையைச் செய்கிறாள்.

பிறகு நின்ற இடத்திலேயே மூத்திரம் போனாள். நான் கிண்ணத்தை எடுத்து ஓடுவதற்குள் பாதி தரையில். பிடித்த வரை 85 மில்லி. வெளிர் மஞ்சள்.

டாக்டரிடம் சொன்னேன். மறுமுனையில் அவர் யாரிடமோ, "ஏனுங்க, ஒண்ணுக்குப் போயிட்டாளாமா!" என்று சத்தமாகச் சொன்னது கேட்டது. யாரிடம் என்று தெரியவில்லை. அவர் வீட்டுக்காரராக இருக்கலாம்.

நாள் 63, பகல் 12:00

ஈறு வழவழப்பு. தோல் உடனே படிகிறது. 20 மில்லி, 20 மில்லி, 20 மில்லி. கக்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை. கிண்ணத்தில் வைத்தால் தொட மாட்டேன் என்கிறாள். என் கையிலிருந்து, சிரிஞ்சிலிருந்து, அப்படியானால் மட்டும். கிண்ணத்தை முன்னால் வைத்தால் கிண்ணத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்க்கிறாள்.

"ஏட்டி, குடிட்டி. நான் என்ன ஒனக்கு வேலக்காரனா?" என்று கேட்டேன். வானொலி திறந்திருந்தது. அமீன் சிரித்தான். நடுக்கத்துக்குப் பிறகு அவன் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

நாள் 64, மாலை 17:30

இரண்டாவது நடை. மூன்று லிட்டர். அதில் இரண்டு லிட்டரைக் கருவி துப்பிவிட்டது, கரி களைத்துப்போய்விட்டது.

என் கணக்கில் நாளைக்கு எண்ணூறு மில்லி குடிக்கிறேன். உதடு வெடித்திருக்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. என் சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கிறது. டாக்டர் அதை எப்படியோ கேட்டு வாங்கிவிட்டார். உங்கள் ஈறைத் தொட்டுப் பாருங்கள் என்றார். பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன்.

இறங்குகலம் தயாராகிவிட்டது. சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாக, நாளை மறுநாள் மாலை ஆறு மணிக்கு இங்கே.

நாள் 65, காலை 09:15

மிச்சம்: குடிக்க 1.6 லிட்டர். காற்றுக் கருவியில் 0.8. அந்த 0.8 மாசி ஒருத்திக்கு என்றால் தாராளம். இருவருக்கு இன்று இரவோடு சரி. குடிநீரை எடுத்துக் கருவியில் ஊற்றினால் காற்று வரும், அவளுக்குத் தண்ணீர் போதாது. இப்போது விட்டால் ஆறு நாளாக ஏற்றியதெல்லாம் வீண்.

மூன்றாவது நடை போகிறேன். அமீன் வேண்டாம் என்கிறான். அறைக்குள் நிற்கும் காற்றே கொஞ்சம் தாங்கும், படுத்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்கிறான். அவன் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். எனக்குச் சும்மா படுத்திருக்கப் பயமாக இருக்கிறது.

நான் வருவதற்குள் நேரம் தவறிவிடக் கூடாது என்று, காலியான சலைன் பையில் ஒன்றரை லிட்டரையும் சர்க்கரை உப்போடு நிரப்பி, ஏணிக் கூண்டின் உச்சியில் கட்டி, குழாயைக் கிண்ணத்துக்குள் விட்டிருக்கிறேன். மெதுவாகச் சொட்டும். பிஸ்கட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை.

நாள் 65, பகல் 13:10. காப்புடையின் குரல் பதிவு

வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலுள்ள காற்றடைப்பு அறையில் இருக்கிறேன். உள்ளே போக முடியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பனி எடுத்துத் திரும்பிவிட்டேன். நான்கு லிட்டர் இருக்கும். காற்றடைப்பு அறைக்குள் நுழைந்து வெளிக்கதவை மூடும்போது மறுபடி நடுக்கம். சின்னதுதான். கதவுச் சட்டம் நெளிந்துவிட்டது. வெளிக்கதவு ஒரு விரல் இடுக்கு விட்டு நிற்கிறது. தோளால் முட்டினேன். கோடரியின் பின்பக்கத்தால் அடித்தேன். அசையவில்லை.

வெளிக்கதவு மூடாமல் இந்த அறையில் காற்று நிற்காது. காற்று நிற்காமல் உள்கதவு தானாகத் திறக்காது.

உள்கதவுக்குப் பக்கத்தில் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருக்கிறது. அதைத் திருகினால் உள்ளறைக் காற்று முழுவதும் இங்கே வந்து, இடுக்கு வழியாக வெளியே போய்விடும். பிறகு கதவு திறக்கும். உள்ளே சுவரில் ஆறு ஆக்சிஜன் குப்பி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம். காப்புடையோடு உட்கார்ந்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் இறங்குகலம் வரும் வரை தாங்கும்.

மாசிக்குக் காப்புடை இல்லை.

என்னிடம் இருப்பது இரண்டு மணி நாற்பது நிமிடம்.

13:35

அமீன்.

"அண்ணே, சொல்றத கேளுங்கண்ணே. கைப்பிடிய திருகுங்க. ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும், அதுக்குத் தெரியாது. யோசிக்காதீங்க. ஒங்க தங்கச்சிக்கு நான் என்னண்ணே பதில் சொல்றது?"

செய்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கொடு என்றேன்.

13:50

உள்கதவில் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி. ஏணிக் கூண்டும் கிண்ணமும் தெரிகின்றன. கிண்ணம் கால்வாசி நிரம்பியிருக்கிறது. மாசி கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். புனல் கண்ணாடியில் முட்டுகிறது. சத்தம் வராது.

கைப்பிடியில் கை வைத்தேன். அவளுக்கு என் கை தெரிகிறது போல. எழுந்து நின்று வாயைத் திறந்தாள். சிரிஞ்சு என்று நினைத்துவிட்டாள்.

கையை எடுத்துவிட்டேன். 14:15க்குச் செய்கிறேன்.

14:15

பத்து மணியிலிருந்து அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இரண்டு வேளை தவறிவிட்டது.

14:25

டாக்டரை இணைக்கச் சொன்னேன். கேட்டேன்.

"டாக்டர், இவ தானா குடிச்சிருவாளா?"

"நீங்க கண்ணு முன்னால நிக்கற வரைக்கும் குடிக்க மாட்டாளுங்க. உங்க கையவேதான் பாத்துட்டு இருப்பா. ஆளக் காணோம்னா, தாகம் எடுத்தா, மெதுவாக் கிண்ணத்துக்குப் போவா."

பிறகு அவர் குரல் மாறியது. இத்தனை நாள் வாங்க போங்க என்று பேசியவர்.

"நான் இதச் சொல்லியிருக்கக் கூடாது. கைப்பிடியத் திருகு தம்பி. நூறு உசுரு காப்பாத்தியிருக்கறேன், ஆயிரத்துக்கு ஊசி போட்டு அனுப்பியுமிருக்கறேன். ஒரு நாய்தான். திருகு சாமி."

சரி டாக்டர் என்றேன்.

14:50

இரண்டாவது தடவை கை வைத்தேன். பாதி திருகினேன். கைப்பிடி கனமாக இருக்கிறது. இதை எழுதிக்கொள்ளுங்கள், நான் நல்லவன் என்று யாரும் பேச வேண்டாம். பாதி திருகினேன். பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

15:10க்குச் செய்கிறேன்.

15:05

முதலில் அவள் தண்ணீர் குடித்துவிடட்டும். குடித்தபிறகு என்றால், குடித்தபிறகு முடிவு செய்யலாம். அதுவரை இதற்கு அர்த்தம்

குடித்துவிட்டுப் போகட்டும். தாகத்தோடு வேண்டாம். அப்படி நினைத்தேன். இப்போது சொல்லும்போது அது முட்டாள்தனம் என்று தெரிகிறது. இருந்தாலும் அப்படித்தான்.

தலைவிளக்கை அணைத்துவிட்டேன். கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். அவளுக்கு நான் தெரிய மாட்டேன்.

15:20

காலுக்குப் பக்கத்தில் பனிப் பை. நான்கு லிட்டர். பைக்கு வெளியே உறைபனி பூத்திருக்கிறது.

அமீன் பேசிக்கொண்டே இருக்கிறான். ஒலியைக் குறைத்திருக்கிறேன். அவன் அழுகிறான். நல்ல பையன். அமீன், உன்மேல் தப்பில்லை. நீ சரியாகத்தான் சொன்னாய், காலையிலும் சரியாகத்தான் சொன்னாய். இதைக் கேட்பவர்கள் அவனிடம் சொல்ல வேண்டும்.

15:28

இறங்குகலத்தில் வருகிறவர்களுக்கு. இந்தப் பக்கக் கதவைத் தொடாதீர்கள். மேல்தளத்து அவசர வழி கலம் இணைந்தால் மட்டுமே திறக்கும்; அதில் உங்கள் கலத்தை இணைத்து, காற்று சமமானபிறகு ஏணி வழியாக இறங்குங்கள். ஏணியின் உச்சியில் ஒரு பை கட்டியிருக்கும். தட்டிவிடாதீர்கள்.

பெயர் மாசி. குரைப்பாள், கடிக்க மாட்டாள். உங்கள் உடையில் அம்மோனியா வாடை இருந்தால்தான் குரைப்பாள். ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். இருபது மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை. ஈறைத் தொட்டுப் பாருங்கள். தையல் பத்தாம் நாள் பிரிக்க வேண்டும். டாக்டர் சிந்தாமணியைக் கூப்பிடுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும்.

15:36

மூச்சு கனமாக இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கைப்பிடி என் தலைக்கு மேலேதான். எட்டும். இன்னும் எட்டும்.

15:40க்கு.

15:41

ஒரு தடவை பார்க்கிறேன். ஓரத்திலிருந்து. ஒரே கண்.

கதவருகில் இல்லை.

கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். புனல் இடிக்கிறது. கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போகிறாள். குழாய் வெளியே வந்துவிடும்

வரவில்லை.

தலையைச் சாய்த்து

குடிக்கிறாள். நாக்கோடு தண்ணீர் உயரமாக எழும்பி மெதுவாக விழுகிறது. மூக்கெல்லாம் தண்ணீர். எண்ணுகிறேன். ஏழு. எட்டு. ஒரு நக்குக்கு மூன்று மில்லி என்று வைத்தாலும். பதினொன்று. பன்னிரண்டு. போதும் மாசி, கக்கிவிடுவாய், மெதுவாக

நிறுத்தினாள். தலையைத் தூக்குகிறாள்.

இந்தப் பக்கம் திரும்பப் போகிறாள். குனிந்துகொள்கிறேன்